முகம் கீழே கிடக்க, முதுகில் தைத்த குவில்ட்

முகத்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி என்ற மூன்று அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வையே குவில்ட். என் ஏழாவது குவில்ட்டைத் தைக்க உட்கார்ந்தபோதுதான் அதைக் குப்புறப் போட்டுத் தைக்க வேண்டிய நிலை எனக்கு வந்தது. அதன் முகத்துணி, 6 அங்குலக் கட்டங்கள் எண்பதை அகலத்தில் 8, நீளத்தில் 10 என்று இணைத்து உருவானது. கட்டங்களில் பாதி பூப்போட்ட துணி, மீதி கோடுபோட்ட துணி. அதன்மேல், தண்ணீரில் அலசினால் மறையும் நீலப் பேனாவால் நான் பாடுபட்டு வரைந்த இலைக்கொடி, ஊசிக்குக் கீழே வைத்து விளக்கைப் போட்டுப் பார்த்தபோதும் அந்தப் பூக்களுக்கும் கோடுகளுக்கும் இடையில் எங்கே போகிறது என்று தெரியவில்லை. அடித்துணிக்காக எடுத்து வைத்திருந்ததோ, வெளிர்நிறப் பரப்பில் உள்ளங்கை அகல இலைகள் தெளிவான கோட்டில் அச்சிடப்பட்ட துணி. முகத்தில் எந்தக் கொடியை வரைய முயன்று தோற்றேனோ, அதைவிட நல்ல கொடி அடித்துணியில் அச்சாகவே இருந்தது. அந்த இலைகளின் ஓரத்தையொட்டி அடித்துணிப் பக்கத்திலிருந்து தைத்தால், அவை முகத்தில் நூல்கோடுகளாக எழும்பிவிடும். வரையவும் வேண்டாம், வரைந்ததை அழிக்கவும் வேண்டாம்.

இந்தக் கணக்கில் நான் சேர்க்க மறந்தது ஒன்றுதான். தையல் இயந்திரம் தன் குறைகள் அனைத்தையும் அடிப்பக்கத்தில்தான் போடும். நூல் சுருள்வதும், முடிச்சு விழுவதும், துணி மடிந்து தையலில் சிக்குவதும் பெரும்பாலும் நம் கண்ணுக்குத் தெரியாத கீழடுக்கில் நடக்கின்றன. வழக்கமான முறையில் தைக்கும்போது அவை அடித்துணியில் விழுவதால் பாதியை யாரும் கவனிப்பதில்லை. மீதியை நாமே மன்னித்துவிடுகிறோம். குவில்ட்டைத் திருப்பிப் போட்டால் அவை அத்தனையும் முகத்தில் விழும். ஒரு மாலை முழுவதும் தைத்துவிட்டு, மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்த பிறகே இது எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு நான்கு குவில்ட்டுகளை இந்த முறையில் தைத்திருக்கிறேன். இப்போதும் இதை எளிய முறை என்று சொல்லமாட்டேன். தைக்கும் நேரத்தைவிடத் தைப்பதற்கு முன் செலவிடும் நேரம் அதிகமாகும் முறை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

முதலில் மூன்றடுக்கையும் சேர்க்கும் விதம் மாறுகிறது. வழக்கமாக அடித்துணியைத் தரையில் குப்புற விரித்து, ஓரங்களை நாடாவால் ஒட்டி, அதன்மேல் பஞ்சு விரிப்பையும் முகத்துணியையும் அடுக்குவோம். நாடாவால் இழுத்து ஒட்டப்படும் அடுக்கே சுருக்கமில்லாமல் நிற்கும் என்பதால், அடியில் போகப்போகும் துணிக்கே அந்த மரியாதையைத் தருகிறோம். திருப்பித் தைக்கும்போது அந்த மரியாதை முகத்துணிக்குச் சேர வேண்டும். ஆகவே முகத்துணியைக் குப்புற விரித்து அதைத்தான் ஒட்ட வேண்டும். அதன்மேல் பஞ்சு, அதன்மேல் அடித்துணி, அச்சு மேல்நோக்கியபடி. ஆனால் அடித்துணியை இழுப்பதுபோல் முகத்துணியை இழுக்கக்கூடாது. அது பல துண்டுகளின் சேர்க்கை; ஓரத்தில் எங்காவது ஒரு துண்டு சாய்வாக வெட்டப்பட்டிருந்தால் அந்த இடம் நீண்டு, பிறகு அலைபோல் நெளிந்து நிற்கும். சுருக்கம் நீங்கும் அளவுக்கு விரித்தால் போதும். அடுக்குவதற்கு முன் முகத்துணியின் நான்கு ஓரங்களிலும், விளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே, ஒரு நேர்த்தையல் போட்டுவைப்பது அந்த நீட்சியைப் பெருமளவு தடுக்கிறது; ஓர இணைப்புகள் பிரியாமலும் காக்கிறது.

இந்த அடுக்கில் எதிர்பாராத ஒரு நன்மையும் உண்டு. முகத்துணியின் உள்பக்கம் முழுவதும் கண்முன்னே விரிந்து கிடக்கும். தையலுக்காக விட்ட கால் அங்குலத் துணிகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன, எங்கே முறுக்கிக்கொண்டிருக்கின்றன, எந்த வெளிர்நிறக் கட்டத்துக்குக் கீழே ஒரு கருநூல் ஒட்டிக்கொண்டு வெளியே நிழலாகத் தெரியக் காத்திருக்கிறது என்பதையெல்லாம் பார்த்து, இஸ்திரி போட்டு, நறுக்கிச் சரிசெய்துவிடலாம். வழக்கமான அடுக்கில் இந்தப் பார்வை கிடைப்பதே இல்லை. இங்கே இது கட்டாயமும் ஆகும். ஏனென்றால் தடிப்பான இணைப்புகள் எங்கே இருக்கின்றன என்று தைக்கும்போது தெரியப்போவதில்லை. காற்றாடி வடிவக் கட்டத்தின் நடுவில் எட்டு முனைகள் ஒன்றுசேரும் இடம் போன்ற ஒரு மேட்டின்மேல் ஊசி முழுவேகத்தில் இறங்கினால் வளையும், சில வேளை உடையும். அத்தகைய மேடுகளை அழுத்திப் பரப்பிவிட்டு, அடித்துணியில் அதே இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு புள்ளியும் வைத்துக்கொள்கிறேன். அந்தப் புள்ளியை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று கைக்குப் பழகிவிட்டது.

அடுத்தது, இரண்டு பக்கங்களின் நடுவும் பொருந்துவது. இப்படித் திருப்பித் தைத்த முதல் குவில்ட்டில் நான் அடித்துணியைக் கண்ணளவில் வைத்தேன். ஒன்றரை அங்குலம் தவறிவிட்டது. அடித்துணியில் அழகாக நடுவில் இருந்த கொடி, முகத்தில் ஒரு பக்கம் ஒதுங்கி, கட்டங்களின் வரிசையோடு சேராமல் அநாதையாக ஓடியது. இப்போது இரண்டு துணிகளையும் தனித்தனியே நான்காக மடித்து, நடுப்புள்ளியையும் நான்கு பக்கங்களின் மையத்தையும் குறித்துக்கொள்கிறேன். அடுக்கும்போது நீளமான குண்டூசி ஒன்றைச் செங்குத்தாகக் குத்தி, அது இரண்டு குறிகளின் வழியாகவும் போகிறதா என்று பார்க்கிறேன். அதன்பின் முகத்துணியின் வெளி எல்லையை அடித்துணியில் தெரியும்படி செய்ய வேண்டும். பஞ்சும் அடித்துணியும் ஒவ்வொரு பக்கமும் 3 அங்குலமாவது வெளியே நீண்டிருப்பதால், முகத்துணி எங்கே முடிகிறது என்று பின்பக்கத்திலிருந்து ஊகிக்க முடியாது. நான்கு ஓரங்களிலும் கைநூலால், கண்ணைப் பறிக்கும் நிறத்தில், பெரிய பெரிய நூலோட்டுத் தையல் போட்டுவிட்டால் அதுவே வேலி. அந்த வேலிக்கு வெளியே தைத்தால் நூல் விரயம்.

மூன்றடுக்கையும் பிடித்துவைக்க நான் ஊக்குகளையே பயன்படுத்துகிறேன். ஒட்டும் தெளிப்பானை நாடுபவர்களும் இருக்கிறார்கள். சிறிய விரிப்புக்கு அது போதும். ஊக்குகளைத் திறந்து மூடும் பக்கம் அடித்துணியில் இருக்க வேண்டும், அப்போதுதான் தைத்துக்கொண்டே கழற்ற முடியும். ஒரு ஊக்குக்கும் அடுத்ததற்கும் இடையே மூடிய முட்டி அளவு இடைவெளிக்கு மேல் விடுவதில்லை. வழக்கமான முறையில் இதைவிடத் தாராளமாக விட்டிருந்தேன். இங்கே முகத்துணியில் விழும் மடிப்பைப் பார்க்கக் கண் இல்லாததால், ஊக்குகள்தாம் அந்தக் கண்.

எனக்கு மிகவும் உதவிய உத்தி ஒன்று, சொல்லப்போனால், முறையையே பாதி கைவிடுவது. முதலில் குவில்ட்டை முகம் மேலே இருக்கும்படி வைத்து, மேலடுக்கையும் கீழடுக்கோடு சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்ற பாதத்தை இயந்திரத்தில் பொருத்தி, கட்டங்களின் இணைப்புக் கோடுகளில் முக்கியமானவற்றின் மேல், அந்தப் பள்ளத்திலேயே, நேராகத் தைத்துவிடுகிறேன். நீளவாக்கில் நடுக்கோடு, பிறகு அகலவாக்கில் நடுக்கோடு, பிறகு நடுவிலிருந்து வெளியே நோக்கி மற்றவை. தையல் நீளம் 2.5 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்துக்கு ஏறத்தாழ பத்துத் தையல்கள். இதனால் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. முகத்துணி பஞ்சோடு இறுகிவிடுவதால் பிறகு நகர்ந்து மடிய வழியில்லை; அதோடு, அடித்துணியில் கட்டங்களின் வரைபடம் தையல்கோடாகவே விழுந்துவிடுகிறது. இனிக் குவில்ட்டைத் திருப்பிப் போட்டால், எந்தக் கட்டத்துக்குள் இருக்கிறோம் என்று தெரிந்தே தைக்கலாம். அச்சில் இலைகள் இல்லாத வெற்று அடித்துணியாக இருந்தாலும், இந்த வரைபடத்துக்குள் நீலப் பேனாவால் வேண்டியதை வரைந்துகொள்ளலாம். கறை மிஞ்சினாலும் அது முதுகில்தான் மிஞ்சும். இஸ்திரிச் சூடு பட்டால் அந்த நீலம் துணியில் நிலைத்துவிடும் என்பதால், தண்ணீரில் அலசும்வரை இஸ்திரிப்பெட்டியை மட்டும் எட்ட வைக்க வேண்டும்.

இனி, நான் ஒரு மாலையை இழந்த கதைக்கு வருகிறேன். துணியை நகர்த்தும் இயந்திரப் பற்களைக் கீழிறக்கிவிட்டு, துணியைக் கைகளால் நகர்த்தியபடி தைக்கும் ஃப்ரீ மோஷன் முறையில் இலைகளின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தேன். மேலே தெரிந்த தையல் அச்சுக்கோட்டின் மேலேயே சீராக ஓடியது. எனக்கே என்மேல் பெருமை. திருப்பிப் பார்த்தபோது முகத்தில் ஒவ்வொரு வளைவிலும் மேல்நூல் சிறு சிறு வளையங்களாகக் கீழே இழுபட்டு, வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணிமை மயிர்போல் இருப்பதால் குவில்ட் தைப்பவர்கள் இதை இமை என்றே சொல்வதுண்டு. நேரான இடங்களில் இல்லாமல் வளைவில் மட்டும் இது வருவதற்குக் காரணம், வளைவை எட்டியதும் கைகள் நம்மை அறியாமல் வேகமெடுப்பதும் இயந்திரத்தை மிதிக்கும் கால் அதே வேகத்தில் இருப்பதும்தான். துணி ஊசியை முந்திக்கொண்டு போகும்போது மேல்நூல் மேலே ஏறித் தன் இடத்தில் இறுகுவதற்குள் பக்கவாட்டில் இழுக்கப்படுகிறது. மேல்நூலின் இழுவிசை தளர்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

நல்ல தையலில் மேல்நூலும், கீழே பாபின் என்ற சிறு உருளையில் சுற்றியிருக்கும் பாபின் நூலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இடம் பஞ்சுக்குள் புதைந்திருக்க வேண்டும். மேல்நூல் மிக இறுகினால் பாபின் நூல் மேலே புள்ளிகளாக எட்டிப் பார்க்கும்; மேல்நூல் மிகத் தளர்ந்தால் பாபின் நூல் அடியில் நீட்டிய கம்பிபோல் நேராகக் கிடக்க, மேல்நூல் அதைச் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டாவது நிலையில் பிரிப்பது ஒரு வகையில் எளிது: அந்த நேரான பாபின் நூலை ஒரு முனையில் வெட்டி இழுத்தால் அது முழுதாக உருவிக்கொண்டு வந்துவிடும், மேல்நூல் தானே விடுபடும். அன்று இரவு நான் பதினொரு இலைகளை இப்படித்தான் உருவினேன். இலைகள் போயின, ஊசித் துளைகள் போகவில்லை. நுண்ணிய நீர்த்தூவலும் நகத்தால் மெல்லச் சுரண்டுவதும் துளைகளைப் பாதி மூடின. முதல் முறை துவைத்த பிறகே மீதி மூடின.

அன்றிலிருந்து எந்தக் குவில்ட்டுக்கும் முன்னால், அதே முகத்துணி, அதே பஞ்சு, அதே அடித்துணி கொண்டு ஓரடிச் சதுரத்தில் ஒரு மாதிரி அடுக்கு செய்துகொள்கிறேன். வேறு துணியில் சோதித்துப் பயனில்லை. பஞ்சின் தடிமன் மாறினால் முடிச்சு விழும் இடமும் மாறும். மாதிரியில் நேர்கோடு, வட்டம், கூர்முனை மூன்றையும் தைத்து, கீழ்ப்பக்கத்தை விரல் நுனியால் தடவிப் பார்க்கிறேன். கண்ணுக்குத் தப்பும் சிறு வளையம் விரலுக்குத் தப்புவதில்லை. இரண்டு பக்க நூல்களும் ஒரே தடிமனில், ஒன்றுக்கொன்று நெருங்கிய நிறத்தில் இருந்தால் சிறு பிசகுகள் தெரியாமல் போகும். முகத்துக்குச் சிவப்பு, முதுகுக்கு வெள்ளை என்று ஆசைப்பட்ட ஒருமுறை, சிவப்புக் கோட்டின் மேல் வெள்ளைப் புள்ளிகள் எறும்பு முட்டைபோல் வரிசையாக நின்றன. நூல் எண் 50 என்றால் 90 எண் ஊசி எனக்குப் பொருந்துகிறது. அந்த எண் ஊசித்தண்டின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்காகச் சொல்வது, அதாவது 0.9 மில்லிமீட்டர்.

இத்தனை முன்னேற்பாட்டுக்கும் பிறகு இரண்டாவது குவில்ட்டில் நேர்ந்தது எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது. முகத்துணியின் ஒரு மூலை, எனக்குத் தெரியாமல், கீழே மடிந்து உள்நோக்கிப் போய்விட்டது. அதன் மேலேயே மூன்று இலைகளைத் தைத்து முடித்திருந்தேன். முகம் மேலே இருந்தால் அந்த மூலை மடிந்தது உடனே தெரிந்திருக்கும். வெளியே நீண்டிருக்கும் பஞ்சும் அடித்துணியும் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோன்ற தோற்றத்தைக் கொடுத்துவிட்டன. இப்போது ஓரப்பகுதிக்கு வந்தவுடன் இயந்திரத்தை நிறுத்தி, இடக்கையை உள்ளே விட்டு, உள்ளங்கையால் முகத்துணியை வெளிநோக்கித் தடவிவிட்டுத்தான் அடுத்த அடி எடுக்கிறேன். ஓரத்து நூலோட்டுத் தையல் வேலி இதற்கும் துணைசெய்கிறது; வேலி இருக்கும் இடத்தில் துணி மடிய முடியாது. அந்த வேலியை மூலைகளில் இரட்டையாகப் போடும் பழக்கமும் அன்று வந்ததுதான்.

முகம் இயந்திரத் தட்டின்மேல் உரசிக்கொண்டே போகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எண்ணெய் விட்ட கையோடு தைக்க உட்கார்ந்தால், ஊசித்தட்டுக்குக் கீழே சுழன்று நூலைப் பற்றும் கொக்கியிலிருந்து தெறிக்கும் எண்ணெய் நேராக முகத்துணியில் சேரும். எண்ணெய் விட்டபின் பழந்துணியில் சில நிமிடம் தைத்துவிட்டு, ஊசித்தட்டையும் அதைச் சுற்றியுள்ள பரப்பையும் துடைத்த பிறகே குவில்ட்டை ஏற்றுகிறேன். ஊசித்தட்டின் துளையோரம் பிசிறடித்திருந்தால் அதுவும் முகத்து நூலைக் கீறும். விரலை ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

திருப்பித் தைப்பதற்கு அச்சு இலைகளைவிட வலுவான காரணம் ஒன்றை மூன்றாவது குவில்ட்டில்தான் கண்டேன். கைத்தையலுக்குப் பயன்படும் பளபளப்பான தடித்த பருத்தி நூல், 8 என்ற எண்ணுள்ளது, ஊசிக்கண்ணில் நுழைந்தாலும் அதன் வழியே உராய்ந்து உராய்ந்து பிய்ந்துவிடும். அதையே பாபினில் சுற்றி, குவில்ட்டைக் குப்புறப் போட்டுத் தைத்தால், ஊசியின் தொல்லையே இல்லாமல் முகத்தில் கயிறுபோன்ற அழகான கோடு விழுகிறது. மேலே சாதாரண நூல் போதும். அதை வழக்கத்தைவிடச் சற்று இறுக்கினால் தடித்த நூலைத் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இதற்காகப் பாபினைத் தாங்கும் சிறு கூடான பாபின் கேஸின் திருகைத் தளர்த்த வேண்டியிருக்கும். பலரும் இதற்கு அஞ்சுகிறார்கள். என் அறிவுரை, தனியாக இரண்டாவது பாபின் கேஸ் ஒன்றை வைத்துக்கொண்டு அதில் மட்டும் கைவைப்பது. திருகை இடப்பக்கம் திருப்பினால் தளரும், வலப்பக்கம் திருப்பினால் இறுகும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருகு மிகச் சிறியது, கழன்று தரையில் விழுந்தால் கிடைப்பது அரிது என்பதால் கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்வது நல்லது. பாபினை நிரப்பும்போது நூலை விரலால் மிதமாகப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்ற வேண்டும்.

தடித்த நூல் பாபினில் கொஞ்சமே கொள்ளும். இரண்டு மூன்று கட்டங்களுக்குள் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் மேலே இருந்து பார்க்கத் தெரியாது, ஊசி வெறுங்காற்றைத் தைத்துக்கொண்டிருக்கும். எனவே ஒரு பாபினில் எத்தனை இலைகள் வருகின்றன என்று மாதிரியில் எண்ணிக்கொண்டு, அதற்கு ஓர் இலை முன்னதாகவே நிறுத்தி மாற்றுகிறேன். ஒவ்வொரு தொடக்கத்திலும் முடிவிலும் அந்த நூலை மேலே, அதாவது அடித்துணிப் பக்கம், இழுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நூல்முனைகள் முகத்தில் சிக்கித் தைபட்டுவிடும். இழுத்த இரண்டு முனைகளையும் முடிந்து, பெரிய கண் உள்ள கையூசியால் பஞ்சுக்குள் புதைக்கிறேன். இது சலிப்பான வேலை. குறுக்குவழி எனக்குக் கிடைக்கவில்லை.

பின்பக்கத்திலிருந்து தைப்பதெல்லாம் முகத்தில் இடம்வலம் மாறித்தான் விழும். இலைக்கும் பூவுக்கும் அதனால் கேடில்லை. ஒரு குழந்தைக்கான விரிப்பின் மூலையில் அவள் பெயரின் முதலெழுத்தான 'ம'வை அடித்துணியில் அழகாக எழுதித் தைத்தேன். முகத்தில் அது எந்த மொழியிலும் இல்லாத ஓர் எழுத்தாக வந்து நின்றது. அடுத்த முறை மெல்லிய தாளில் எழுதி, தாளைத் திருப்பி ஒளிக்கு நேரே பிடித்து, மறுபக்கம் தெரிந்த வடிவத்தை அடித்துணியில் வரைந்துகொண்டேன்.

துண்டுகளை வெட்டி மேலே ஒட்டித் தைத்த உருவங்கள் முகத்தில் இருந்தால் இந்த முறையை நான் தொடுவதில்லை. உருவத்தின் ஓரத்தைக் குறி தவறாமல் சுற்றிவர வேண்டிய இடத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு தைக்க எனக்குத் துணிவில்லை. நட்சத்திர முனைகள் கூர்மையாக நிற்க வேண்டிய முகத்துணிக்கும் இதே பதில்தான். கண்ணைக் குழப்பும் அச்சுகள் நிறைந்த, முழுப்பரப்பிலும் ஒரே வடிவம் ஓடக்கூடிய முகத்துணிகளுக்கே இதை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

இப்படித் தைத்த முதல் குவில்ட் இன்னும் என் கட்டிலில்தான் கிடக்கிறது. அந்த ஒன்றரை அங்குலப் பிசகை நான் சரிசெய்யவில்லை. வருபவர்கள் முகத்தில் ஓடும் இலைக்கொடியைத் தடவிப் பார்த்து, இதை எப்படி வரைந்தீர்கள் என்று கேட்கிறார்கள். நான் ஒரு மூலையைத் தூக்கி முதுகைக் காட்டுகிறேன்.